பந்தயத் தடத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்குரிய பற்சக்கரங்கள்

மோட்டார் காரின் எஞ்சின் எவ்வளவு திறன் வாய்ந்ததாயினும், அத்திறன் சாலையைச் சென்றடைவது பற்சக்கரங்களின் வழியாகவேயாகும். எஞ்சினின் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவோர் பலர்; கியர்ப் பெட்டியின் விகிதங்களையும், பின்னச்சிலுள்ள டிபரன்ஷியல் என்னும் வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதியையும் கருதுவோர் சிலரே. ஆயினும் ஒரே எஞ்சினைக் கொண்ட இரு கார்களுள் ஒன்று பந்தயத் தடத்தில் முந்துவதற்கும் மற்றொன்று பின்தங்குவதற்கும் பல வேளைகளில் இவையே காரணமாகின்றன. அன்றியும், தவறான டிபரன்ஷியலைப் பொருத்திய கார் நனைந்த சாலையில் ஓட்டுபவரின் உயிருக்கே தீங்கு விளைவிக்கக்கூடும்.

இப்பிரச்சினை பெங்களூரு நகரத்தாருக்கு ஒரு தனி வடிவில் எழுகிறது. 1990-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டுவரும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் அமைந்துள்ளது. அதன் நீளம் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் 12 வளைவுகள் உள்ளன. பெங்களூருவிலிருந்து அங்குச் செல்ல 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். காரைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் வசதியுடையோர் சிலரே. ஏனையோர் தம் காரைத் தாமே ஓட்டிச் சென்று, தடத்தில் ஓட்டி, மீண்டும் அதிலேயே வீடு திரும்புகின்றனர். ஆகவே நகர நெரிசலுக்கும், நெடுஞ்சாலைக்கும், பந்தயத் தடத்துக்கும் ஒரே பற்சக்கரத் தொகுதி பயன்பட வேண்டியதாகிறது.

இத்தகைய கார்கள் நம் நாட்டிலும் தோன்றியுள்ளன. இங்கிலாந்தில் கோலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் இலேசான இருவர் காரின் சாயலில், பெங்களூருவில் தோன்றிய சின்காரா மோட்டார்ஸ் என்னும் சிறு நிறுவனம் ஒரு திறந்த காரைத் தயாரித்தது. முன்புறம் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், அதன் பின்னே ஐந்து வேகக் கியர்ப் பெட்டி, பின்சக்கரங்களுக்கு உந்துதல் என்பது அதன் அமைப்பு. அதே வகை எஞ்சின் அம்பாசிடர் காரிலும் பயன்பட்டது. இவ்வகைக் கார் ஒன்றை மனத்திற் கொண்டு, ஏற்ற பற்சக்கரங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு ஆராய்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை. அவரவர் தத்தம் காரின் அளவுகளைக் கொண்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

கியர் ஏன் தேவை?

பெட்ரோல் எஞ்சின் எல்லா வேகங்களிலும் சமமாக உழைப்பதில்லை. நாம் எடுத்துக்கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்களில் மிகுந்த முறுக்குவிசையையும், 6,000 சுற்றுக்களில் மிகுந்த திறனையும் தருவதாகவும், 6,500 சுற்றுக்களுக்கு மேல் அதனை ஓட்டலாகாது என்றும் கொள்வோம். எனவே பந்தயத்தில் பயன்படும் வீச்சு 4,000 முதல் 6,500 சுற்றுக்கள் வரை மட்டுமேயாகும். காரோ மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 165 கிலோமீட்டர் வரை பற்பல வேகங்களில் செல்லவேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் பொருத்துவதே கியர்ப் பெட்டியின் பணியாம்.

எஞ்சினின் சுழற்சி இரண்டு இடங்களில் குறைக்கப்படுகிறது. முதலாவது கியர்ப் பெட்டியில். இது ஓட்டுபவரின் விருப்பப்படி மாறுவது. இரண்டாவது பின்னச்சிலுள்ள பினியன், கிரவுன் வீல் என்னும் இரு பற்சக்கரங்களுக்கிடையே, இது மாறாதது. பினியனில் 10 பற்களும் கிரவுன் வீலில் 41 பற்களும் இருப்பின் இறுதி விகிதம் 4.1 ஆகும். 10, 41 ஆகிய எண்களுக்குப் பொதுக் காரணி இல்லாமையைக் கவனிக்க. இதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லையும் முறை வைத்துச் சந்திக்கிறது. ஒரே இரு பற்கள் திரும்பத் திரும்ப உராய்வதில்லை. ஆகவே தேய்மானம் எல்லாப் பற்களிலும் சீராகப் பரவுகிறது.

டயர் ஒரு முறை உருளும்போது கார் 1.8 மீட்டர் முன்செல்லுமாயின், 4.1 இறுதி விகிதத்துடன் கிடைக்கும் வேகங்கள் பின்வருமாறு:

முதல் கியர், விகிதம் 3.6: 1,000 சுற்றுக்களில் மணிக்கு 7.3 கி.மீ.; 6,500 சுற்றுக்களில் 48 கி.மீ.
இரண்டாம் கியர், விகிதம் 2.1: 12.5 கி.மீ.; 82 கி.மீ.
மூன்றாம் கியர், விகிதம் 1.4: 18.8 கி.மீ.; 122 கி.மீ.
நான்காம் கியர், விகிதம் 1.0: 26.3 கி.மீ.; 171 கி.மீ.
ஐந்தாம் கியர், விகிதம் 0.8: 32.9 கி.மீ.; 214 கி.மீ.

ஐந்தாம் கியரின் 214 கிலோமீட்டர் என்பது கணக்கில் மட்டுமே உள்ளது. காற்றுத் தடையின் காரணமாக இக்கார் அவ்வேகத்தை எட்டாது. அக்கியர் நெடுஞ்சாலைக்கானது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 2,700 சுற்றுக்களே சுழலும். எரிபொருளும் மிச்சமாகும், செவிக்கும் அமைதி உண்டாகும்.

இறுதி விகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தீர்மானிக்க வேண்டுவது இறுதி விகிதமே. இதற்குத் தடத்தின் மிக நீண்ட நேர்ப்பகுதியின் முடிவில், பிரேக்கை மிதிப்பதற்கு முந்திய கணத்தில், கார் எய்தும் வேகத்தை அளந்தறிதல் வேண்டும். செயற்கைக் கோள்களின் துணையால் வேகத்தைப் பதிவு செய்யும் சிறு கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவ்வேகம் 165 கிலோமீட்டர் என்று கொள்வோம். தடத்தில் பயன்படும் உச்சக் கியரில், இவ்வேகத்தின்போது எஞ்சின் தன் மிகுதிறன் சுற்றினைச் சிறிது தாண்டி நிற்றல் வேண்டும். அதே வேளையில் எல்லைச் சுற்றுக்குக் கீழே ஓரளவு இடமும் எஞ்சியிருத்தல் வேண்டும். முன் செல்லும் காரின் பின்னால் நெருங்கி ஓடும்போது காற்றுத் தடை குறைந்து வேகம் சற்று ஏறுமாதலால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது.

4.1 விகிதத்தில், நான்காம் கியரில், 165 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 6,260 சுற்றுக்கள். மிகுதிறனைக் கடந்து, எல்லைக்கு 240 சுற்றுக்கள் கீழே உள்ளது. இது பொருத்தமான விகிதமே.

விரைவு போதவில்லையென்று கருதி, 9 பற்களும் 41 பற்களும் கொண்ட 4.56 விகிதத்தைப் பொருத்துவோர் உளர். இதனால் ஒவ்வொரு கியரிலும் தள்ளுவிசை 11 சதவீதம் கூடுவது உண்மையே. ஆனால் நான்காம் கியரின் எல்லை வேகம் 154 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. நேர்ப்பகுதி முடிவதற்கு முன்னரே ஐந்தாம் கியருக்கு மாற்ற நேரிடும். ஒரு மாற்றத்துக்கு 0.4 நொடி ஆகுமெனில், அதற்குள் கார் உந்துதலின்றி 17 மீட்டர் உருண்டுவிடும். மாற்றிய பின் 165 கிலோமீட்டரில் எஞ்சின் 5,570 சுற்றுக்களிலேயே நிற்கும், மிகுதிறனை எட்டாது. மாறாக 3.7 விகிதத்தைப் பொருத்தினால் 165 கிலோமீட்டரில் 5,650 சுற்றுக்களே கிடைக்கும். எல்லாக் கியர்களிலும் தள்ளுவிசையும் குறையும். இவ்விரு தவறுகளும் எதிரெதிரானவை, விளைவு ஒன்றே. ஒரு சுற்றினை முடிக்கும் நேரம் கூடிவிடுகிறது.

தடத்துக்குத் தடம் இத்தேர்வு மாறும். சென்னைக்கு அருகே சோழவரத்தில் முன்னாளில் பந்தயங்கள் நடைபெற்றது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையிலாகும். நீண்ட நேர்ப்பகுதிகளைக் கொண்ட அத்தகைய இடத்துக்கு உச்ச வேகமே முதன்மை. 2003-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர்க் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சிறிய தடத்துக்கோ வளைவிலிருந்து எழும்பும் விரைவே முதன்மை.

கியர்களின் இடைவெளி

அடுத்ததாக, ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எஞ்சினின் சுற்று எவ்வளவு வீழ்கிறது என்பதைக் காண்போம். முதலிலிருந்து இரண்டுக்கு மாறினால் 6,500 சுற்றுக்கள் 3,790 ஆக வீழ்கின்றன. இது பயன்படும் வீச்சுக்கும் கீழே. இரண்டிலிருந்து மூன்றுக்கு 4,330; மூன்றிலிருந்து நான்குக்கு 4,640. இவ்விரண்டும் ஏற்கத்தக்கவை. ஆகவே குறை முதல் இரண்டு கியர்களிடையே உள்ளது.

மணிக்கு 45 கிலோமீட்டரில் கடக்கவேண்டிய ஒரு குறுகிய வளைவைக் கருதுக. அங்கே இரண்டாம் கியரில் எஞ்சின் 3,590 சுற்றுக்களில் சோர்ந்து நிற்கும். முதல் கியரிலோ 6,150 சுற்றுக்களில் அலறும். வளைவை விட்டு வெளிவரும் முன்னரே மீண்டும் மாற்றவேண்டிவரும். முதல் கியரை 2.6 ஆகவும் இரண்டாவதை 1.9 ஆகவும் மாற்றினால் இக்குறை நீங்குகிறது. அப்போது 45 கிலோமீட்டரில் முதல் கியர் 4,440 சுற்றுக்களைத் தரும். 66 கிலோமீட்டர் வரை மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் எஞ்சின் 4,600 சுற்றுக்களுக்குக் கீழே இறங்குவதுமில்லை. இதனையே நெருங்கிய விகிதக் கியர்ப் பெட்டி என்பர்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. பழைய முதல் கியரில் எஞ்சின் மெதுவாக 900 சுற்றுக்கள் சுழலும்போது கார் மணிக்கு 6.6 கிலோமீட்டரில் ஊர்ந்து செல்லும். புதியதில் 9 கிலோமீட்டருக்கும் மேல். பெங்களூருவில் சில்க் போர்டு சந்திப்பிலோ ஹெப்பாளிலோ மாலை வேளையில் கார்கள் நகரும் வேகத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கிளட்சை அரைகுறையாக மிதித்தபடியே நெடுநேரம் ஓட்டவேண்டிவரும். தகடு சூடேறித் தேயும். வாரந்தோறும் நகரில் ஓடும் கார் ஆண்டுக்குச் சிலமுறையே தடத்துக்குச் செல்லுமெனில், பழைய கியர்களையே வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமையாம்.

பந்தயத்துக்கென்றே அமைந்த கியர்ப் பெட்டிகளில் பற்கள் சாய்வாக இன்றி நேராக வெட்டப்பட்டிருக்கும். சாய்வுப் பற்கள் ஓசையின்றி இயங்கினும் தண்டினை நெடுக்குவாட்டில் தள்ளுகின்றன; நேர்ப் பற்களில் அத்தள்ளுதல் இல்லை, ஓசையோ மிகுதி. இங்கிலாந்தில் மைக் ஹியூலண்டு தம் முதற் பந்தயக் கியர்ப் பெட்டியை வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் உறையைக் கொண்டே அமைத்தார். உறை சாதாரணமானதாயினும் உள்ளே உள்ள பற்சக்கரங்களை வேண்டியவாறு மாற்ற முடிந்தமையே அதன் சிறப்பு. நம் நாட்டிலும் எஸ். கரிவர்தன் 1980-களில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அமைத்தார். எளிதிற் கிடைக்கும் உறுப்புக்களைத் திறம்படப் பயன்படுத்துதல் இத்துறையில் என்றும் நல்வழியேயாகும்.

உயரத்தினால் விளையும் மயக்கம்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு. மிகையழுத்தக் கருவி இல்லாத எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அவ்வளவு குறைந்த காற்றையே உள்ளிழுப்பதால், அதன் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. இருங்காட்டுக்கோட்டையோ தாழ்நிலத்தில் உள்ளது. அங்கு வெப்பம் மிகுதியாதலால் அடர்த்தி சிறிது குறையினும், பெரும்பகுதி ஆதாயம் எஞ்சுகிறது.

பெங்களூருவில் கார் மந்தமாக இருப்பதாகக் கண்டு 4.56 விகிதத்தைப் பொருத்துபவர், தடத்தை அடைந்ததும் அதன் தவற்றை உணர்வார். தாழ்நிலத்தில் எஞ்சின் தானாகவே வலுப்பெறும். ஆனால் காற்றுத் தடையும் அதே விகிதத்தில் கூடுவதால் உச்ச வேகம் மிகுதியாக மாறாது. எனவே வளைவுகளில் பின்சக்கரங்கள் வழுக்குவது மட்டும் அதிகரிக்கும். விகிதங்களைத் தீர்மானிக்கும் அளவீடுகளைத் தடத்திலேயே எடுக்க வேண்டுமென்பது இதனால் பெறப்படும்.

டிபரன்ஷியலின் பணி

கார் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு செல்லவேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலமிருப்பின், கால் வட்டம் திரும்புகையில் இவ்வேறுபாடு 2.2 மீட்டர் ஆகும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வளவு மாறுவதில்லை. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகங்களில் சுழல இடமளிக்கும் பற்சக்கரத் தொகுதிக்குப் பிரான்ஸ் நாட்டு ஒனிசிஃபோர் பெக்கர் 1827-இல் காப்புரிமை பெற்றார். அது நீராவி வண்டிகளின் காலம்.

சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே அளிக்கும். இதுவே அதன் நலமும் குறையும். வளைவில் காரின் எடை வெளிப்புறம் சாய்வதால் உட்புறச் சக்கரம் இலேசாகி, அதன் பிடிப்புக் குறைகிறது. அச்சக்கரம் 40 கிலோகிராம் எடைக்குச் சமமான தள்ளுவிசையை மட்டுமே தாங்குமெனில், வெளிச்சக்கரத்துக்கும் அதே 40 தான் கிட்டும், மொத்தம் 80. இரண்டாம் கியரில் எஞ்சின் 350 கிலோகிராம் வரை தரவல்லது என்பதை நினைவிற் கொள்க. மிஞ்சிய ஆற்றல் உட்சக்கரத்தை வீணே சுழற்றி டயரைப் புகைக்கவே பயன்படும்.

மூன்று வழிகள்

இதற்குரிய முதல் வழி டிபரன்ஷியலை முற்றிலும் பூட்டிவிடுவது. செலவு மிகக் குறைவு. ஆனால் முற்கூறிய 2.2 மீட்டர் வேறுபாட்டை டயர்கள் உராய்ந்தே தீர்த்தாக வேண்டும். கார் திரும்ப மறுத்து நேரே செல்ல முயலும். அரையச்சுக்கள் முறுக்குண்டு ஒடியவுங்கூடும். மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் இரு பின்சக்கரங்களும் ஒருசேரப் பிடிப்பை இழந்தால் காரின் பின்புறம் திடீரென விலகிச் சுழன்றுவிடும். தடத்திலிருந்து இரவில் வீடு திரும்ப வேண்டிய காருக்கு இது ஒருபோதும் ஏற்றதன்று.

இரண்டாவது வழி தகட்டு வகை. 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் சக்கரங்கள் மிகையாகச் சுழல்வதைத் தடுக்க வேண்டி, ஃபெர்டினாண்டு போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தை நாடினார், அங்கிருந்தே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல் பரவியது. தகட்டு வகையில் எஞ்சினின் விசை கூடக் கூடச் சாய்தளங்கள் விலகித் தகடுகளை நெருக்கும். அவற்றின் உராய்வு இரு அரையச்சுக்களையும் ஓரளவு பிணைக்கும். சாய்தளங்களின் கோணத்தை மாற்றி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எவ்வளவு, விடும்போது எவ்வளவு என்று தனித்தனியே வகுக்கலாம். விடும்போது பிணைப்பு மிகின் கார் நிலையாக நிற்கும், ஆனால் வளைவினுள் நுழையத் தயங்கும். தகடுகள் தேய்வதால் அவ்வப்போது பிரித்துப் பார்க்கவும், அதற்குரிய எண்ணெயையே ஊற்றவும் வேண்டும்.

மூன்றாவது வழி, வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சன் முதலிய பற்சக்கர வகை. இதில் தகடுகள் இல்லை. திருகுப் பற்களின் உராய்வே பணியைச் செய்கிறது. இது பிடிப்புள்ள சக்கரத்துக்கு மற்றதைப்போல் இத்தனை மடங்கு விசையைத் தரும். அம்மடங்கு 2.5 எனில், மேற்கண்ட வளைவில் உட்சக்கரத்துக்கு 40, வெளிச்சக்கரத்துக்கு 100, மொத்தம் 140 கிலோகிராம் தள்ளுவிசை கிட்டும். தேய்மானம் மிகக் குறைவு. சாலையில் இயல்பாகவே நடந்துகொள்ளும். எனினும் உட்சக்கரம் தரையை விட்டு முற்றிலும் எழும்பிவிட்டால் இதனால் பயனில்லை. பூஜ்யத்தை எதனால் பெருக்கினும் பூஜ்யமே. தகட்டு வகையிலோ தகடுகள் முன்னரே இறுக்கப்பட்டிருப்பதால் அப்போதும் ஓரளவு விசை எஞ்சும்.

ஆகையால் விலையுயர்ந்த டிபரன்ஷியலை வாங்குமுன், உட்சக்கரம் ஏன் எழும்புகிறதென்று ஆராய்தல் வேண்டும். பின்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருப்பது ஒரு பொதுவான காரணம். அதனைச் சற்று மென்மையாக்கினால் பாதிப் பிணி தீர்ந்துவிடும்.

உறுப்புக்களும் பராமரிப்பும்

பெங்களூருவின் ஜே.சி. சாலையில் பழைய கார்களின் உறுப்புக்களைத் தேடிப் பெறலாம். பீன்யா தொழிற்பேட்டையில் பற்சக்கரங்களை வெட்டித் தரும் தொழிற்கூடங்கள் உண்டு. புதிதாக வெட்டுவிக்கும் பற்சக்கரத்தின் மேற்பரப்புக் கடினமாகவும் உட்பகுதி இழுவைத் தன்மையுடனும் இருத்தல் வேண்டும். இதற்காகவே கலப்பு எஃகினைக் கரியூட்டிக் கடினப்படுத்துகின்றனர். முழுவதும் கடினமாக்கப்பட்ட பல், அதிர்ச்சியில் கண்ணாடிபோல் முறியும். பினியன், கிரவுன் வீல் இரண்டையும் எப்போதும் இணையாகவே மாற்றுதல் வேண்டும். தனித்தனியே தேடிச் சேர்த்தவை ஓசையெழுப்பி விரைவில் அழியும். பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, அவை ஒன்றையொன்று தொடும் தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று பார்த்தபின்னரே உறையை மூடல் வேண்டும்.

மின்சாரக் கார்கள் பெருகினால் இப்பிரச்சினையின் ஒரு பாதி மறையக்கூடும். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருமாதலால், பெரும்பாலும் மாறாத ஒரே விகிதம் போதுமானதாகிறது. பெங்களூருவில் 2001 முதல் தயாரிக்கப்பட்ட ரேவா காரும் கியர் மாற்றும் தேவையற்றதாகவே இருந்தது. ஆனால் ஒரே மோட்டார் இரு சக்கரங்களை உந்தும் வரையில் டிபரன்ஷியல் பற்றிய கேள்வி நீங்காது.

நாம் எடுத்துக்கொண்ட காருக்கு முடிவு இதுவே: இறுதி விகிதம் 4.1 ஆகவே இருக்கட்டும். நெடுஞ்சாலைக்கென ஐந்தாம் கியரைக் காத்துக்கொள்க. தடத்தில் மிகுதியாக ஓட்டுபவர் முதல் இரு கியர்களை மட்டும் நெருக்கிக்கொள்ளலாம். டிபரன்ஷியல் பற்சக்கர வகையாக இருத்தல் நலம். தடத்துக்கு மட்டுமே ஆன காராயின் தகட்டு வகை சிறக்கும். ஒரு சுற்றில் மிச்சமாகும் நொடிகளை எண்ணும்போது, அதே கார் மறுநாள் மழையில் முந்நூறு கிலோமீட்டர் திரும்பி ஓடவேண்டியது என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.